நடிகை படத்தின் பின்பக்கம்

நம் மயிலாப்பூர் வாசகசாலையில் இன்றைய பத்திரிகையை யாரோ வெட்டிவிட்டார்கள்.

வெட்டியவருக்கு வேண்டியது சினிமா நடிகையின் படம். அதன் பின்பக்கத்தில் பர்மாவிலிருந்து உயிரோடு வந்து சேர்ந்தவர்களின் பட்டியல் இருந்தது. தலைப்பும் நான்கு பெயர்களும்தான் மிச்சம்.

என் மகன் ரங்கூனில் மர ஆலையில் வேலை பார்த்தவன். கடிதம் நின்று நான்கு மாதம் ஆகிறது.

காரியதரிசியிடம் முறையிட்டேன்.

"இன்னா பெரியவரே, படம்தானே போச்சு? சேதி எல்லாம் அப்டியே கீதே" என்று அவரே தலைப்புகளைப் படித்துக் காட்டினார். "ரங்கூன புடிச்ச ஜப்பான்காரன் இன்னும் மேல வந்துக்கினு கீறான். டில்லியில வெள்ளக்காரனோட பேச்சு முறிஞ்சி பூடுச்சி. பட்டணத்த காலி பண்ணிக்கினு ஜனம் ஓடுது. இன்னும் இன்னா சேதி வோணும் உனக்கு?"

"என் புள்ள சேதி" என்றேன். அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டார்.

ஆகவே இந்தப் பலகையில் எழுதி ஒட்டுகிறேன். வெட்டியவர் அந்தத் துண்டை நாளைக் காலைக்குள் இங்கே குத்திவிட வேண்டும். நடிகை சுவரைப் பார்த்தபடி இருக்கட்டும். காரியதரிசி கத்தரிக்கோலைப் பூட்டி வைக்க வேண்டும். எனக்கு முன்னால் படித்தவர்கள், பட்டியலில் என் மகன் மயிலாப்பூர் சுந்தரத்தின் பெயர் இருந்ததா என்று இதன் கீழே எழுத வேண்டும்.

இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதையும் யாராவது எழுதத்தான் வேண்டும்.