ஆரோக்கியமேரி கேட்ட ஐந்து கேள்விகள்

“இன்னா பாப்பா, பாதி வார்த்தைக்கு ஒரே மாதிரி வாலு தொங்குது?” என்று கேட்டார் ஆரோக்கியமேரி அக்கா.

அவர் தகடு வைத்து அழுத்தும் பிரஸ் இயந்திரத்துக்கு மேலே ஆங்கிலத்தில் ஒரு வேலைக்குறிப்பு இருந்தது. அதைத் தமிழில் எழுதி ஒட்ட ஸ்டூலில் ஏறி நின்றிருந்தேன். கம்பெனியின் தர ஆய்வுப் பிரிவில் என் வேலை அது.

“ஸ்லோலி, கேர்ஃபுல்லின்னு வருதே, அதுவாக்கா? வினையுரிச்சொல். ஒரு வேலையை எப்படிச் செய்யணும்னு சொல்லும்.”

“ஆல்வேஸுக்கு வாலு இல்லியே?”

“அதுவும் அதே இனந்தான். எத்தனை தடவைன்னு சொல்லுது. வெளியேன்னா, எங்கேன்னு சொல்றது. உடனேன்னா, எப்போ. முழுசான்னா, எவ்வளவு.”

அக்கா விரல்களை மடக்கினார். “எப்படி, எங்க, எப்போ, எத்தினி தபா, எவ்ளோ. அஞ்சு.”

“இன்னும் சில வகை இருக்குக்கா. இந்தக் குறிப்புக்கு அஞ்சு போதும்.”

“கைய வெய், எடுன்னு ரெண்டு வார்த்தைல முடிஞ்சுது வேல. பேஜாரு பூரா கூட வர்றதுங்கதான்.”

பக்கத்து இயந்திரத்துச் சோனியா சிரித்தாள். “அக்காக்கு டீச்சர் வேலைக்கு ஆர்டரு வந்துச்சுடி!”

“வரட்டுமே. உக்காந்துகினாவது பொழைக்கலாம்.”

அக்காவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. ஆரம்பாக்கத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. எளாவூரில் வாழ்க்கைப்பட்டார். கணவர் ஸ்டீபன் லாரி ஓட்டுபவர். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அக்கா பதினோரு ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளி. ஒவ்வொரு ஜூனிலும், ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டவர்கள் என்று சுவரில் ஒட்டும் பட்டியலில் தன் பெயரைத் தேடுவார். வேலை நேரம் முழுவதும் நின்றபடிதான். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய கால்களை முன் இருக்கைக் கம்பியில் வைத்துத் தூங்கிப்போவார். எளாவூர் சோதனைச்சாவடியில் லாரி வரிசைக்குப் பின்னால் பஸ் நின்றதும் யாரும் எழுப்பாமலே விழித்துக்கொள்வார்.

ஒருநாள் நாஷ்டா நேரத்தில், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“எப்படி? நின்னுகினு. எங்க? ரெண்டாம் நம்பரு மிஷினு. எப்போ? ஆறு மணிக்கு. எத்தினி தபா? தெனம். எவ்ளோ? அத மட்டும் கேக்காத, நாஷ்டா எறங்காது.”

அந்த மார்ச்சில் அவருடைய இடது மோதிர விரலின் நுனி அச்சில் நசுங்கிப் போயிற்று. கை உள்ளே இருந்தால் இயந்திரத்தை நிறுத்த வேண்டிய சென்சார் மூன்று நாளாக வேலை செய்யவில்லை. சூப்பர்வைசர் வசந்தகுமாரிடம் அக்கா சொல்லிக்கொண்டேதான் இருந்தார். ஒருமுறை நானும் பக்கத்தில் நின்றேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, விரலில் கட்டோடு அலுவலகத்துக்கு வந்தார். அவர் சொன்னதாக ஒரு வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். தமிழில் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. போட்டால், விபத்து அவருடைய தவறு என்று முடிந்துவிடும். போடாவிட்டால் ஜூன் பட்டியலில் பெயர் வராது என்று வசந்தகுமார் அவரிடம் முன்பே சொல்லியிருந்தார்.

நான் படித்தேன். “இயந்திரத்துக்குள் கையை வைத்தேன். என்னை எச்சரித்திருந்தார்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள்.”

தாளில் இன்னும் மூன்று சொற்கள் இருந்தன. அவற்றை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விட்டுவிட்டால் சீக்கிரம் முடிந்து அவர் வீட்டுக்குப் போவார் என்றும் நினைத்தேன்.

அக்கா பேனாவைத் தொடவில்லை.

“எப்படி வெச்சேன்னு எழுதிகீறாங்க? எத்தினி தபா சொன்னாங்களாம்? எப்போ இட்டுகினு போனாங்களாம்?”

அந்த மூன்றையும் சொன்னேன். அஜாக்கிரதையாக. திரும்பத் திரும்ப. உடனடியாக.

“முக்கா மணி நேரம் துணியச் சுத்திகினு கம்பெனி கேட்டாண்ட குந்தினு இருந்தேன். அதுக்குப் பேரு உடனேவா?” பஸ்ஸில் தூக்கத்துக்கு முன் பேசும் அதே அலுத்த குரல்.

தாளைத் திருப்பி, எழுதாத பக்கத்தை என் முன்னால் தள்ளினார்.

“நான் சொல்றத இங்கிலீஷ்லயே எழுது பாப்பா. கையெழுத்து நான் போடறேன், உன் பேரு வராது. அஞ்சும் இருக்கணும், ஒண்ணும் விடாத. சீக்கிரம் எழுது, மூணு மணி பஸ்ஸு போயிடும்.”