பெரட்டு இல்லாத ஊர்

பசறை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த அம்மாவின் விரல்களில் தேயிலைக் கொழுந்துக் கறை ஏறியிருந்தது. தமிழில் பேசும் கொரியக் கொலைப் படம் ஒன்றை ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தார்; இரத்தம் வந்தால் கட்டைவிரலால் திரையை மறைத்துக்கொள்வார்.

நானும் பார்த்த படம். "படம் எப்படிங்க இருக்கு?" என்றேன்.

"கொன்னவன் கெடக்குறான் விடுங்க. செத்த புள்ள மூணு நாளா வேலைக்கு வரல, ஒருத்தருமே தேடல. அந்த ஊர்ல பெரட்டு கெடையாதா? எங்க தோட்டத்துல காலையில பெரட்டுல பேர் கூப்பிடறப்ப ஆள் இல்லன்னா, லயத்து வீட்டுக்கே தேடி வந்துருவாங்க."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் தங்கியிருப்பது எங்கே என்று கேட்டார்.

"பதுளையில. தனியா ரூம் எடுத்து."

இறங்குமுன் என் பெயரைக் கேட்டு, பெரட்டில் கூப்பிடுவதுபோல் ஒரு தரம் சத்தமாகக் கூப்பிட்டார்.

"இருக்கேங்க" என்றேன்.