மேனேஜருக்கும் தூசிக்கும் ஆபரேஷன்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு வைத்த பெயர் மூணுதடவை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். எதையும் மூன்று தடவை சரிபார்க்காமல் விடமாட்டார். கதவைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். கேஸை மூடினோமா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வருவார். பல் தேய்த்தது சந்தேகமாகி மறுபடி தேய்த்த மனிதர், வேறென்ன சொல்ல? ஆனால் ஒன்று. பழுது பார்த்த லிஃப்டில் தான் முதலில் ஏறி, உச்சி மாடிவரை போய்வந்த பிறகுதான் அடுத்தவரை ஏற விடுவார். ஏறிப் பார்க்காத லிஃப்டுக்குக் கையெழுத்துப் போட்ட சரித்திரமே கிடையாது.

இப்பேர்ப்பட்டவர் தலையில்தான் மச்சினன் இரண்டு முயல்குட்டிகளைக் கட்டிவிட்டு, வேலை மாற்றலாகி வேறு ஊருக்குக் கிளம்பினான்.

“ஒண்ணு ஆம்பளை, ஒண்ணு பொம்பளை மாமா. காதைப் பார்த்தாலே தெரியும்.”

மாமா காதைப் பார்த்தார். நாலு காது தெரிந்தது. அவ்வளவுதான்.

வெள்ளைக்குட்டி கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, மற்றவர்கள் வேலை செய்வதை முறைத்துக்கொண்டே இருந்ததால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வந்தது. சாம்பல் நிறக் குட்டி எந்நேரமும் கட்டிலுக்கடியில் கிடந்ததால் தூசி. மேனேஜர்தான் ஆண் என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. பெயர் வைத்த கையோடு அதுவும் முடிவாகிப் போனது. இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று நகராது. தூசியின் கழுத்தில் மேனேஜர் தாடையை வைத்துத் தூங்கும் அழகைப் பார்ப்பதற்காகவே மூணுதடவை வேலைக்கு ஐந்து நிமிஷம் தாமதமாகப் போக ஆரம்பித்தார்.

ஐந்தாம் மாதம் மேனேஜர் தூசியின் மேல் ஏறியது. போச்சுடா! மூணுதடவை பேனாவை எடுத்தார். மாதம் எட்டுக் குட்டி, எட்டும் வளர்ந்து ஆளுக்கு எட்டு. மூன்றாவது வரியிலேயே காகிதத்தில் இடம் போதவில்லை. பால்கனி எத்தனை கிலோ தாங்கும் என்று கணக்குப் போடத் தொடங்கினார்.

“ஏங்க, முயலுக்கா லோடு போட்டுப் பார்க்கிறீங்க? பேசாம டாக்டர்கிட்ட போங்க” என்றாள் மனைவி. அவள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் துணி ஆல்டரேஷன் செய்கிறவள். கை ஓடிக்கொண்டிருக்கும், வாயும் ஓடிக்கொண்டிருக்கும்.

அவர் சர்வீஸ் பார்க்கும் கட்டிடம் ஒன்றின் நாலாவது மாடியில் மிருக வைத்தியசாலை இருந்தது. எதற்கும் முதலில் விசாரித்துவிட்டு வருவோம் என்று முயல் இல்லாமல் தனியாகப் போனார். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

“ஜோடியா வளர்க்கணும்னா ரெண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் பண்ணிடுங்க. இல்லைன்னா தனித்தனியாத்தான் வைக்கணும். மயக்க மருந்து கொடுக்கணும். ஆபத்து குறைவுதான், ஆனா அறவே இல்லைன்னு சொல்லமாட்டேன்.”

கடைசி வரி மட்டும்தான் மூணுதடவையின் காதில் விழுந்தது. ஒன்று போய் ஒன்று தனியாக நின்றால்? ஆபரேஷனே வேண்டாம் என்று முடிவு செய்தார். கூடத்தின் குறுக்கே தடியான நைலான் வலை கட்டினார். நடுவில் கதவு, கதவுக்குப் பூட்டு, சாவி தன் சட்டைப் பையில். பக்கத்தில் கயிறு கட்டி ஒரு பதிவேடு: தேதி, நேரம், யார் திறந்தது, காரணம், கையொப்பம். காரணம் என்ற இடத்தில் மனைவி ‘சும்மா’ என்று எழுதி வைத்தாள். அவர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

இரண்டு மாதம் ஒரு குட்டியும் இல்லை. “பாத்தியா, ஆபரேஷனும் வேணாம் ஒண்ணும் வேணாம்” என்று அலட்டிக்கொண்டார். ஆனால் சாயங்காலம் வீடு திரும்பினால் இரண்டும் வலையின் இரு பக்கமும் மூக்கோடு மூக்கு வைத்து உட்கார்ந்திருக்கும்.  டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து இரண்டு மணிக்கே வந்துவிட்டார். வலைக்கதவின் பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஆனால் முன்னறையில் தையல் மெஷினுக்குக் கீழே, வெட்டுத்துணிக் குவியலில், மேனேஜரும் தூசியும் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. வலையின் அடியோரத்தில் ஒன்றரை அடிக்கு ஒரு ஜிப். என்ன தையல்! மூடிவிட்டால் தைத்தவளுக்கே தெரியாது.

“கடிச்சு ஓட்டை போட்டுச்சுங்க. ஒட்டுப் போடும்போது அப்படியே ஜிப்பும் வச்சுட்டேன். பன்னிரண்டு மணிக்குத் திறப்பேன், நீங்க வர்றதுக்குள்ள மூடிடுவேன். பாவமா இருக்குங்க.”

“எத்தனை நாளா?”

“நீங்க பூட்டுப் போட்ட மறுநாள்ல இருந்து.”

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “அப்ப குட்டிங்க எங்கே?” என்று கட்டிலுக்கடியில் பார்த்தார். எத்தனை தடவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குட்டி கிடைக்கவில்லை. தூசியின் காதோரம் ஆறாத கடிக்காயம்தான் கண்ணில் பட்டது.

அழுக்குத்துணிக் கூடையில் இரண்டையும் போட்டுக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் டாக்டரிடம் ஓடினார்கள். டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

“ரெண்டும் பொண்ணு.”

“மேனேஜருமா?”

“மேனேஜரும்தான்.”

“பின்ன எதுக்கு மேல ஏறுச்சு?”

“யாரு பெரியவங்கன்னு காட்டறதுக்கு. மேனேஜருங்க செய்யறதுதானே.”

மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூணுதடவைக்கோ வானத்தில் பறப்பதுபோல் இருந்தது. “அப்ப ஆபரேஷனே தேவையில்லைல்ல?”

“காயத்தைப் பார்த்தீங்கல்ல? இப்படியே விட்டா சண்டை பெருசாகும், ஒருநாள் குதறிக்கும். வயசாக ஆகக் கர்ப்பப்பையில் கட்டி வர்றதும் முயலுக்கு ரொம்ப சகஜம். பண்ணுங்க, இல்லைன்னா கடைசிவரைக்கும் பிரிச்சு வையுங்க. ஜிப் கூடாது” என்ற டாக்டரம்மா படிவத்தை நீட்டினார்.

மூணுதடவை படிவத்தைப் படித்தார். திரும்பப் படித்தார். மறுபடியும் படித்தார். பேனா இறங்கவில்லை.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஏறிப் பார்க்காத எதுக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அந்த மயக்க ஊசியை எனக்கு ஒருதடவை கொஞ்சமா போட்டுக் காட்டுங்களேன்.”

“ஐயோ, மானம் போகுது” என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “உங்க எடைக்கு இங்க மருந்து கிடையாது. சரி, ஒண்ணு கேக்கறேன். இந்தக் கட்டிட லிஃப்டைப் பார்த்துக்கறது யாரு?”

“நான்தான்.”

“தினம் நாலு தடவை ஏறி இறங்கறேன். கயிறைக் காட்டுங்க, மோட்டாரைக் காட்டுங்கன்னு என்னைக்காவது உங்ககிட்ட வந்து நின்னேனா?”

மூணுதடவை திரும்பி, வாசலுக்கு வெளியே தெரிந்த லிஃப்டைப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேர், முகம்கூடப் பார்க்காத தன்னை நம்பிப் பொத்தானை அழுத்தியிருப்பார்கள்! அது இத்தனை பெரிய விஷயம் என்று அன்றுதான் உறைத்தது. ஒரே தடவையில் கையெழுத்துப் போட்டார்.

முதலில் மேனேஜர் உள்ளே போனது. வெளியே காத்திருந்த மூணுதடவையின் மடியில் கூடை, கூடையில் தூசி. எதிரே நாய்க்காரர்கள் மூன்று பேர், பூனைக்காரம்மா ஒருவர். அவர் யாரையும் பார்க்கவில்லை. “போயிடாதடா” என்று முணுமுணுத்துவிட்டு, “போயிடாதடி” என்று திருத்திக்கொண்டார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் போனது.

கதவு திறந்தது. துணியில் சுற்றிய மேனேஜரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். அசைவில்லை, கண் பாதி செருகியிருந்தது. அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மெல்ல விரலை நீட்டி மூக்கைத் தொட்டார்.

லபக்!

“கடிச்சுட்டா!” என்று கத்தினார் மூணுதடவை. ரத்தம் சொட்டும் விரலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். “பாருங்க, கடிச்சுட்டா! நல்லாக் கடிச்சுட்டா!”

நாய்க்காரர் ஒருவர் எழுந்து வந்து கைகொடுத்தார். பூனைக்காரம்மா கைதட்டினார். மனைவி முந்தானையால் அவர் விரலைச் சுற்றப் போனாள், அவர் நிற்கவில்லை. கண்ணீரும் ரத்தமுமாகத் தூசியை நெஞ்சோடு அள்ளிக்கொண்டு, யாரும் கூப்பிடும் முன்பே டாக்டரின் அறைக்குள் நுழைந்தார்.

“இந்தாங்க டாக்டர்” என்றார். “இவளையும் பாருங்க.”