தையல் போட்ட சேவல்

இரண்டாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கோழி வயிற்றுக்குள் எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். யுத்த காலத்தில் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் சமையல்கட்டுக்குச் சுத்தம் செய்த கோழி கொடுத்தவன் நான். ராயபுரத்தில் ஒரு கூடையோடு ஆரம்பித்தேன்; பின்னால் டோல்கேட்டில் சொந்தக் கடை போட்டேன். யாரும் கைதூக்கிவிடவில்லை.

மற்றவர்கள் குடலை உருவி எறிந்துவிடுவார்கள். நான் விரித்துப் பார்ப்பேன். குடல் மடிப்புகளுக்கு நடுவே எண்ணெய்க் காகிதம் போல ஒரு சவ்வு உண்டு. அதில் ஒரே தண்டிலிருந்து ரத்தக் குழாய்கள் விசிறியாகப் பிரிந்து வரும். குடலைத் தொடுமுன் ஒவ்வொன்றும் இரண்டாகக் கிளைத்துப் பக்கத்துக் குழாயோடு சேர்ந்துகொள்ளும். வாத்துக்கும் அப்படித்தான். குடலில் என்ன ஜாதகமா பார்க்கிறாய் என்று கூட வேலை செய்தவன் கேலி பேசுவான். அவன் கடைசிவரை கூலிக்கே உரித்தான்.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருந்தாள். புருஷன் கப்பலில் கலாசி. அவன் போன பிறகு மாதக்கணக்கில் ஒரு சேதியும் இல்லை. அவன் திரும்பி வந்ததும் அறுப்பதாக ஒரு சேவலை அம்மனுக்கு நேர்ந்து விட்டிருந்தாள். அந்தச் சேவலை ஒருநாள் காலையில் தெருநாய் கவ்விவிட்டது. முந்தானையில் சுற்றி என்னிடம் எடுத்து வந்தாள். வயிறு கிழிந்து ஒரு மடிப்புக் குடல் வெளியே தொங்கியது.

அறுத்துவிடு, வேறொன்று நேர்ந்துகொள் என்றேன். அவள் அழவில்லை.

"இது கண்ண மூடிச்சின்னா அங்க அவரு கண்ண மூடிட்டாருன்னு அர்த்தம், அண்ணாத்தே. நீ இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது."

"அப்போ கம்முனு காலப் புடிச்சிக்கோ" என்றேன்.

குடலில் ஓட்டை இல்லை. சவ்வில் ஒரு குழாய் அறுந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. வெந்நீரில் போட்டெடுத்த தையல் நூலால் அதைக் கட்டினேன். ரத்தம் நின்றது. ஆனால் அந்தக் குழாய்க்கு நேரே இருந்த குடல் நாலு விரல் நீளத்துக்கு நாவற்பழ நிறமாகிவிட்டது. ரத்தம் போகாத குடல் அழுகும், அழுகினால் சேவல் பிழைக்காது. அது எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை. உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து அதன்மேல் போர்த்திவிட்டுக் காத்திருந்தேன். அவள் சேவலைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துணியை எடுத்துப் பார்த்தபோது இரண்டு ஓரத்திலும் சிவப்பு ஏறியிருந்தது. மறுபடி மூடித் திறந்தேன். நடுவில் ஒரு விரல் அகலம்தான் கறுப்பு. பிறகு அதுவும் போயிற்று. பக்கத்துக் குழாய்கள் வேலையை எடுத்துக்கொண்டன. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. சவ்வு முறுக்கிக்கொள்ளாமல், இருந்த வாக்கிலேயே குடலை உள்ளே வைத்து வயிற்றைத் தைத்தேன். அந்த வட்டாரத்தில் வேறு எவனும் செய்திருக்க மாட்டான்.

கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் சேவல் எச்சம் போட்டதும் தெருமுழுக்கச் சொல்லிக்கொண்டே என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

மழைக்காலம் முடிந்து புருஷன் வந்தான், பாதி உடம்பாக இளைத்து. கோயிலில் சேவலை நிறுத்தினார்கள். தையல் போட்ட சேவல் ஆத்தாளுக்கு ஆகுமா என்று கூட்டத்தில் ஒருவன் கிளப்பிவிட்டான். அம்மன் சொல்லட்டும் என்று பூசாரி அதன் தலையில் தண்ணீர் ஊற்றினார். சேவல் சிலிர்த்தால் சம்மதம். அது அசையாமல் நின்றது. அவள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பூசாரி இன்னொரு முறை ஊற்றினார். சேவல் உடம்பை உதறியதில் தண்ணீர் அந்தக் கேள்வி கேட்டவன் சட்டையில் தெறித்தது.

அறுத்ததைச் சுத்தம் செய்ய என்னைத்தான் கூப்பிட்டார்கள். குடலை விரித்தேன். என் முடிச்சு அப்படியே இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு தலைமுடி கனத்தில் புதுக் குழாய்கள் ஓடின. முன்பு எந்தக் கோழியிலும் நான் அதைப் பார்த்ததில்லை. புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"இந்த வழி மின்னாடியே இருந்துதா, அண்ணாத்தே?"

"இல்ல மாமு. அதுவே போட்டுகிச்சி."

யுத்தக் குண்டுக்குப் பயந்து அவன் கப்பலையும் நேர்வழியில் விடாமல் எங்கெங்கோ சுற்றித்தான் கொண்டுவந்தார்களாம். அதனால்தான் தாமதம் என்றான். பிறகு ஈரலைத் தனக்கு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

குழம்பையும் நான்தான் வைத்தேன். அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் யாரும் குறை சொல்லவில்லை.