கேட்கத் தெரியாத செயலாளர்

தேன்மொழிக்கு யாரிடமும் எதையும் கேட்க வராது. சிம்பாங் ரெங்கம் கடைத்தெருவில் ஒரு தனியார் கிளினிக்கின் முகப்பில் உட்கார்ந்து, நாள் முழுக்க நோயாளிகளின் பெயரையும் அடையாள அட்டையையும் கேட்பவள்தான். ஆனால் அது வேலை. வெளியே வந்துவிட்டால் நாக்கு மடிந்து கொள்ளும். சாப்பாட்டுக் கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் கேட்டு நாசி கோரெங் சோறு வந்தால், அதுதான் வேண்டும் என்பதுபோல் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவாள். "இந்தப் பிள்ளைய பஸ்ல வேற ஊருல எறக்கி விட்டாலும் தேங்க் யூ சொல்லிட்டு எறங்கும்" என்பார் அவள் அப்பா மூர்த்தி. அவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர்.

இப்படிப்பட்டவளைத்தான் தாமான் செரி மெலூர் குடியிருப்பின் இளைஞர் மன்றம் செயலாளராகத் தேர்ந்தெடுத்தது. கூட்டத்தில் அவள் பெயரை யாரோ சொன்னார்கள். மறுத்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். மன்றத்தின் தலைவர் கமலநாதனுக்கு அப்போது ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய மூத்த மகன், தனக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி மன்றத்தை விட்டு விலகியிருந்தான். அப்பா விலகவில்லை. "மனசு இளமையா இருந்தா போதும் லா" என்பது அவர் கொள்கை.

உணவு திரட்டும் யோசனையும் அவருடையதுதான். காஹாங்கில் ஒரு மன்றம் வீடு வீடாக உணவுப் பொருள் சேர்த்து, குளுவாங்கில் உள்ள உணவு வங்கிக்குக் கொடுத்திருந்தது. படம் பத்திரிகையில் வந்துவிட்டது. கமலநாதன் அந்தப் பக்கத்தைக் கூட்டத்துக்கே எடுத்து வந்தார்.

"பாருங்க, காஹாங்காரன் பேப்பர்ல வந்துட்டான். நம்ம தாமான்ல இல்லாத மனுஷனா? நம்ம இதைவிடப் பெருசா செய்யணும்."

பசியைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. பேனர் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பது பற்றி நெடுநேரம் பேசினார்கள்.

உணவு வங்கி என்பது குளுவாங்கில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளம். அதை நடத்துபவர் தவமணிதேவி. அரசாங்க மருத்துவமனையில் தலைமைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு தொடர்பு கொள்ளும் பொறுப்பு செயலாளருக்கு வந்தது. தேன்மொழி போன் செய்யாமல் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினாள். உடனே மறுமுனையிலிருந்து போனே வந்துவிட்டது.

"நல்லது பிள்ளை, கொண்டு வாங்கோ. வேற ஏதும் கேட்க இருக்கோ?"

கேட்க நிறைய இருந்தது. என்ன பொருள் வேண்டும், எது வேண்டாம், எத்தனை குடும்பம். "இல்ல ஆன்டி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வீட்டுக் கதவைத் தட்டாமல் உணவு சேர்க்க ஒரு வழியையும் அவளே கண்டுபிடித்தாள். ஒரு ஞாயிறு, ஒவ்வொரு வீட்டுக் கேட்டிலும் வெறும் காகிதப் பையைக் கட்டிவிட வேண்டியது. பையோடு ஒரு துண்டுச் சீட்டு: 'உங்களால் இயன்றதை இதில் வையுங்கள்.' அடுத்த ஞாயிறு பையை எடுத்துக்கொள்ளலாம். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. "அலமாக், ரொம்ப மாடர்னா யோசிக்கிற" என்று கமலநாதன் பாராட்டினார்.

பை கட்டும் நாளில் அவரும் கூட வந்தார். கடைசி வரிசை மலிவு விலை வீடுகளுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ராஜம்மா வீட்டுக்கு மட்டும் வேணாம்மா. அவங்களே மாசா மாசம் அந்த ஃபூட் பேங்க்ல சாமான் வாங்குறவங்க. பையைப் பார்த்தா மனசு சங்கடப்படுவாங்க."

ராஜம்மா ஒரு தொழிற்சாலை விடுதியில் துப்புரவு வேலை செய்பவர். கணவர் செல்லப்பன் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். கமலநாதன் சொன்னது தேன்மொழிக்கு நியாயமாகவும், இரக்கமாகவும்கூடப் பட்டது. ராஜம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கேட்டைத் தாண்டி அடுத்த கேட்டில் பையைக் கட்டினாள்.

அடுத்த ஞாயிறு பைகள் திரும்பி வந்தன. தாமான் மண்டபத்தின் நீண்ட மேசையில் கொட்டிப் பிரித்தபோது, மக்கள் தங்களால் இயன்றதைத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. எங்கு பார்த்தாலும் ஓட்ஸ். தீபாவளிக்கு வந்த பரிசுக்கூடைகளிலெல்லாம் யாரோ ஓட்ஸ் வைத்திருக்கிறார்கள். காலையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுப் பழகிய தாமான் அதை அலமாரியிலேயே வைத்துக் காத்திருக்கிறது. ஓட்ஸுக்கு அடுத்தபடி அகர் அகர் தூள். பாதி தீர்ந்த சோயா சாஸ் ஒன்று. வாசலில் இரண்டு கார் நிற்கும் மூலைவீட்டிலிருந்து, உடம்பு இளைக்கக் குடிக்கும் மூலிகைத் தேநீர் ஒரு பெட்டி வந்திருந்தது.

தேன்மொழி அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தபோது ராஜம்மா உள்ளே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"ஏம்மா, எங்க வீட்டுக் கேட்டு உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"இல்லக்கா... உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு..."

"எனக்கு என்ன சங்கடம்? வாங்குறவ குடுக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கா? முன்னாடி வீட்டுக்கும் பின்னாடி வீட்டுக்கும் கட்டிட்டு, நடுவுல என் வீட்டைத் தாண்டிப் போனீங்களே, அதுதான் சங்கடம். அன்னைக்குப் பூரா தெருவே என்னைப் பார்த்துச்சு."

தேன்மொழிக்குக் கண் கலங்கிவிட்டது. ராஜம்மா பையை மேசையில் வைத்தார். உள்ளே ஓட்ஸ். பிரிக்காத பாக்கெட்டுகள், தேதி இன்னும் ஒரு வருடம் பாக்கி.

"அழாத. நல்ல சாமான்தான். அவருக்கு இது தொண்டையில எறங்காது, எனக்கு அந்தக் கொழகொழப்பு ஆகாது. யாராச்சும் சாப்பிடட்டும்."

அந்த நேரம் கமலநாதன் படம் எடுப்பவரோடு வந்து சேர்ந்தார். சாமான்களை வழியனுப்பும் விழாவுக்கு ஜொகூர் பாருவிலிருந்து டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் வருவதாக இருந்தது. வரவில்லை. வருகிறவர்களுக்கென்று சொல்லி வைத்திருந்த பிரியாணி மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டது. டத்தோ இல்லாமல் படம் எப்படி என்று தவித்துக்கொண்டிருந்தவருக்கு ராஜம்மா கண்ணில் பட்டார்.

"வாங்கக்கா, ஒரு போட்டோ."

"நான் வாங்குற மாதிரி நிக்கமாட்டேன். குடுக்குற மாதிரி எடுங்க."

"குடுக்குற மாதிரியே எடுக்கலாம் லா" என்று கமலநாதன் பையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். ராஜம்மா மறுபக்கத்தைப் பிடித்தார். இருவரும் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் பிரியாணி சாப்பிட்டார்கள். ராஜம்மா செல்லப்பனுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார். அந்த முழு ஏற்பாட்டிலும் பசித்தவர் ஒருவர் விரும்பிச் சாப்பிட்ட உணவு அது ஒன்றுதான்.

பிற்பகலில் மூர்த்தியின் நண்பர் ஒருவரின் வேனில் பெட்டிகள் குளுவாங் போயின. தவமணிதேவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி பார்த்தார். காலம் கடந்தவை ஒரு பக்கம். திறந்தவை ஒரு பக்கம். மூலிகைத் தேநீரை நெடுநேரம் பார்த்துவிட்டு, தனியே வைத்தார். ஓட்ஸ் பெட்டியைத் திறந்ததும் பெருமூச்சு விட்டார். அவருடைய அடுக்கில் ஏற்கெனவே கூரை வரைக்கும் ஓட்ஸ்.

ராஜம்மாவின் பாக்கெட்டை எடுத்தவர் சட்டென்று நின்றார். அதன் முதுகில் பச்சை நிறத்தில் ஒரு சிறு ஸ்டிக்கர்.

"இது என்ர ஸ்டிக்கர் அல்லோ பிள்ளை! நான் குடுத்த சாமான் எனக்கே வந்திருக்கு." அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "சனம் ஓட்ஸைத்தான் தருது, நானும் அதைத்தான் குடுக்கிறன். வாங்கிற ஆக்கள் ஒருத்தரும் வேண்டாமெண்டு சொல்லேல்லை."

"நீங்க அவங்ககிட்ட என்ன வேணும்னு கேட்டீங்களா ஆன்டி?"

வார்த்தை வெளியே வந்த பிறகுதான், பேசியது தான் என்பது தேன்மொழிக்குத் தெரிந்தது. தவமணிதேவி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"இல்லை" என்றார். "நல்ல கேள்வி. நீயே போய்க் கேள்."

ஒரு கேள்வி கேட்டதற்கு அவளுக்குக் கிடைத்தது, இன்னும் பல வீடுகளில் கேள்வி கேட்கும் வேலை. அந்த வார இறுதியில் சாமான் பெறும் குடும்பங்களைப் பார்க்கப் புறப்பட்டாள். முதல் வீடு ராஜம்மாவுடையது. தெரிந்தவர் என்பதால் அங்கிருந்து தொடங்கினால் எளிது என்று நினைத்தாள்.

ராஜம்மா அவளுக்காகவே காத்திருந்தவர்போல் ஒரு பத்திரிகையை அவள் மடியில் போட்டார். உள்பக்கத்தில் படம் நன்றாகவே வந்திருந்தது. ஒரு பை, இரண்டு கைகள், இரண்டு சிரிப்பு. கீழே: 'வசதி குறைந்த மாது ஒருவருக்கு மன்றத் தலைவர் திரு. கமலநாதன் உணவுப் பொருள் வழங்குகிறார்.' கமலநாதன் செய்தியை விழாவுக்கு முதல்நாளே எழுதி வைத்துவிட்டார். நடந்ததைப் பார்த்து அதைத் திருத்த அவருக்கு நேரம் இல்லை.

"விடுதியில எல்லாரும் பாவப்பட்டு என்னைப் பார்க்குறாங்க. என் பேருகூட போடல, மாதுன்னு போட்டிருக்கான். என்ன வேணும்னு கேக்கத்தானே வந்த? எனக்கு இது மாறணும். அதுக்கப்புறம் மிளகாய்த்தூளைப் பத்திப் பேசலாம்."

தேன்மொழி முதலில் கமலநாதனிடம் போனாள். "பேப்பர்ல வந்தது வந்ததுதான்மா, அதைப் போய்க் கிளறாத" என்றார். வழக்கம்போல் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் கிளினிக்கில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். முதல் முறை யாரோ எடுத்ததும் வைத்துவிட்டாள். இரண்டாம் முறை பேசினாள். எதிர்முனையில் இருந்தவர் ஒன்றும் வாதாடவில்லை. "சரிங்க, திருத்தம் போட்டுடுறோம்" என்றார். இவ்வளவுதானா என்று அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

திருத்தம் வந்தது. மூலையில், படம் இல்லாமல், சுருக்கமாக: 'அண்மையில் வெளிவந்த படத்தில் உணவுப் பொருள் வழங்குபவர் திருமதி ராஜம்மா. பெற்றுக்கொள்பவர் திரு. கமலநாதன்.'

முதல் செய்தியைப் படிக்காதவர்களும் இதைப் படித்தார்கள். கமலநாதனுக்குத் தொழிலில் ஏதோ அடி விழுந்துவிட்டது என்று தாமான் முழுக்கப் பேச்சானது. சந்தையில் அவருக்கு மீன் நிறுத்துக் கொடுத்தவர் ஒரு துண்டு கூடுதலாகப் போட்டு, "கவலப்படாதீங்கண்ணே, எல்லாம் சரியாயிடும்" என்றார். ஒரு நாள் காலை அவர் வீட்டுக் கேட்டில் யாரோ ஒரு பையைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே ஓட்ஸ்.

அன்று மாலை அவர் தேன்மொழியின் வீட்டுக்கு வந்தார். கோபமாகத்தான் வந்தார். உட்கார்ந்த பிறகு அது மெல்ல இறங்கிவிட்டது.

"கேட்டைத் திறந்தப்போ எதிர்வீட்டுக்காரன் பார்த்துக்கிட்டே இருந்தான்மா" என்றார். "பையை எடுக்கிறதா, அப்படியே விட்டுடுறதான்னு தெரியல."

"என்னண்ணே செஞ்சீங்க?"

"எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன். வேற என்ன செய்யுறது?"

மூர்த்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுக்களைப் பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்து, "ராஜம்மா வீட்டுக்கு நானும் வரேன், ஒரு வார்த்தை சொல்லிடுறேன்" என்றார் கமலநாதன். போனார். என்ன சொன்னார் என்று தேன்மொழி கேட்கவில்லை. இம்முறை அது கூச்சத்தால் இல்லை.

அதற்குள் அவள் எல்லா வீடுகளுக்கும் போய்வந்திருந்தாள். முதலில் எல்லாரும் "எதுனாலும் பரவால்லம்மா" என்றார்கள். அந்தப் பதில் அவளுக்கு மிகவும் பழக்கமானது. தானே வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தது. அதனால் அவள் எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தாள். பிறகு மெல்ல வந்தன: மிளகாய்த்தூள், சமையல் எண்ணெய், சலவைத்தூள், காப்பித்தூள். செல்லப்பனுக்குப் பெரியவர்கள் கட்டும் டயப்பர். தனியாக இருந்த ஒரு முதியவர், வாசல் வரை வழியனுப்ப வந்து, யாரும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல், "கருவாடு கெடைக்குமாம்மா?" என்றார்.

அடுத்த திரட்டலின்போது பை கட்டவில்லை. தேன்மொழி கதவைத் தட்டினாள். மூலைவீட்டு அம்மாவிடம் நேராகவே, "எண்ணெய் வேணும் ஆன்டி, அஞ்சு கிலோ. டீ வேணாம்" என்றாள். அந்த அம்மா முகம் சிவந்து உள்ளே போய் இரண்டு போத்தல் எடுத்து வந்தார். பொந்தியானில் மீன் உலர்த்தும் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசி, கருவாடு வாங்கினாள். அதைக் கொண்டுவர அப்பாவின் ஒரு நாள் விடுமுறையையும் கேட்டு வாங்கினாள். "முன்ன வாயே தெறக்காது, இப்ப மூட மாட்டேங்குது" என்று மூர்த்தி வழியெல்லாம் புலம்பிக்கொண்டே ஓட்டினார். நண்பரிடம் இரவல் வாங்கிய வேன் ஒரு வாரம் நாறியது.

கமலநாதன் இன்னும் இளைஞர் மன்றத் தலைவராகத்தான் இருக்கிறார். இப்போதெல்லாம் படத்தில் ஓரமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். சாமான் பெற்றுக்கொள்ளும் நாளில் ராஜம்மா உணவு வங்கியிலேயே மூட்டை பிரித்துக் கொடுக்க உதவுகிறார். தனக்கு வரவேண்டியதையும் வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறார். போன மாதம் தேன்மொழியைக் கிளினிக்கிலேயே வந்து பிடித்தார். உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, "இந்த மிளகாய்த்தூள்ல காரமே இல்லம்மா, வேற பிராண்டு பாரு" என்றார்.