சிங்கப்பூரிலிருந்து எத்தனை மணித்தியாலம்

எனக்குக் கலியாணம் பேசி முடித்தபோது அண்ணை சிங்கப்பூரில் ஒரு கந்தோரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைக் காலம் முழுவதும் கடிதம் இல்லை. உயிரோடு இருக்கிறார் என்பதே ஜப்பான்காரர் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழனாக நிற்பது வழக்கம். வேறு யாரும் நின்றால் மணவறைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிடிவாதத்தில் நான் யாருக்கும் குறைந்தவள் அல்ல.

கப்பலில் வந்தால் நாள் தப்பிவிடும். ஆகவே பிளேனில் வருவதாக அண்ணை எழுதினார். கலியாணத்துக்கு முதல்நாள் காலை பத்து மணிக்குப் பறப்பு. அம்மா பஞ்சாங்கம் பார்த்து எழுதிய நல்ல நேரத்திலேயே வீட்டை விட்டு வெளிக்கிடுவார். கொழும்பில் இரவு மெயில் ரயிலைப் பிடித்தால் விடிய எங்கள் கொடிகாமத்தில் இறங்கலாம். பிடிக்காவிட்டால்?

கணக்கை நான் பொறுப்பெடுத்தேன். பள்ளிக்கூட அட்லசை விரித்து, சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் நடுவே நூல் பிடித்து அளந்தேன். ஆயிரத்தெழுநூறு மைல் சொச்சம். பிளேனின் வேகத்தால் பிரித்தால் ஒன்பது மணித்தியாலம். அப்படியென்றால் இறங்க இரவு ஏழாகிவிடும், மெயில் கிடைக்காது. அம்மா தலையில் கை வைத்தார். நான் விட்டேனா? சிங்கப்பூர் மணிக்கூடு எங்களுடையதைவிட இரண்டு மணித்தியாலம் முந்தி ஓடுவது எனக்குத் தெரியும். அதைக் கழித்தால் எங்கள் ஐந்து மணிக்கே இறங்கிவிடுவார்.

"மெயிலுக்கு முதல் ஆறுதலாத் தேத்தண்ணியும் குடிக்கலாம், மாமா," என்று பெருமையடித்தேன்.

விடிய ஸ்டேசனுக்குப் போன மாமா தனியே திரும்பி வந்தார்.

"அவன் வரேல்லை, பிள்ளை."

பிளேனுக்கு ஏதும் நடந்திருக்குமோ என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. முகூர்த்தம் நெருங்க, சின்னம்மாவின் மகனுக்குத் தோழன் தலைப்பாகையைக் கட்டினார்கள். என் பிடிவாதத்தை அன்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மாப்பிள்ளை வருவதற்குச் சற்று முன் படலையில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. தலை முதல் கால்வரை புழுதியோடு அண்ணை இறங்கினார். நேரே போய் அந்தத் தலைப்பாகையைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

எனக்குச் சந்தோசத்திலும் கோபம்தான் வந்தது. "ஐஞ்சு மணிக்குக் கொழும்பிலை நிண்டிருப்பியளெல்லோ அண்ணை! ஏன் மெயிலைப் பிடிக்கேல்லை?"

"ஏழுக்குத்தானே வந்திறங்கினனான். மெயில் வெளிக்கிட்டுப் போட்டுது. கார் பிடிச்சு இரவிரவா வாறன்."

"சிங்கப்பூரிலை பத்தெண்டால் இஞ்சை எட்டு. நான் வடிவாக் கணக்குப் பாத்தனான்."

"பத்தெண்டு எழுதினது எங்கடை ஊர் நேரம், பிள்ளை. அம்மா எழுதின நல்ல நேரமும் எங்கடை நேரம்தானே." கைக்கடிகாரத்தைக் காட்டினார். "ஜப்பான்காரன் தங்கடை ஊர் நேரத்தை வைக்கச் சொல்லேக்கையும் இதை நான் மாத்தேல்லை. இஞ்சை அம்மா விளக்கேத்திற நேரம் எனக்குத் தெரிய வேண்டாமே?"

அம்மா அந்தக் கையைப் பிடித்தபடி எங்கள் சுவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தார். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின.