தம்பி தந்த மஞ்சள் மீன்

1. மீன் குறைந்த தொட்டி

தொண்ணூறுகளில் பாறசாலையில் நான் வண்ணமீன் கடை வைத்திருந்தேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் தங்கமீனும் கப்பியும் வாங்கிப் போகிறவர்கள். உப்புத்தண்ணீர் டேங்க் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் கொல்லயில் வீட்டு டேவிட்சன் சார். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரிக்கல் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர், திருச்சபைக் கமிட்டியில் செயலாளர், கறாரான மனிதர்.

மோட்டார் மாற்ற முதன்முதலாக அவர் வீட்டுக்குப் போன அன்று டேங்கைப் பார்த்துவிட்டு, "என்ன சார், இவ்வளவு பெரிய டேங்கில மீனே இல்லியே?" என்று கேட்டேன்.

"மீன் எல்லா வீட்டிலயும் உண்டு. நீ கீழ பாரு," என்றார்.

கீழே பாறைகளின்மேல் பவளங்கள் இருந்தன. பச்சையில், ஊதாவில், செங்கல் நிறத்தில். தண்ணீர் ஓட்டத்தில் அவற்றின் சிறு வாய்கள் மொட்டுப்போல விரிந்து நின்றன. பார்வைக்குக் கல், ஆனால் உயிர். விரல்நுனி அளவுத் துண்டாக வந்த ஒன்று தேங்காய் முறி அளவு வளர்ந்திருந்தது. அதற்கான விளக்கையும், தண்ணீரின் அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரையும் அவரே செய்திருந்தார். வாரந்தோறும் விழிஞ்ஞத்திலிருந்து கேன்களில் கடல்தண்ணீர் வரும். பவளம் வளரச் சுண்ணாம்பு வேண்டும் என்பதால், சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து, மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் சொட்டுச் சொட்டாக விடுவார். லோட் ஷெட்டிங்கில் கரண்ட் போகும் நேரத்தில் பேட்டரி பம்ப்பை மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

"இந்தக் கல்லுக்குச் செய்யிற பணிவிடையில பாதி எனக்குச் செய்தா போதும்," என்று அவர் மனைவி மேரி அக்கா சிரிப்பார்.

2. வில்சன்

ஒருநாள் கடைக்கு ஒருவர் வந்தார். வளைகுடாவில் இழுவைக் கப்பலில் வேலை, லீவில் வந்திருப்பதாகச் சொன்னார். டேவிட்சன் சாரின் தம்பி, பெயர் வில்சன். சாருக்குத் தம்பி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வில்சன் ஆரியங்கோட்டைச் சேர்ந்த ஸ்ரீலதா என்ற இந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்தவர். அந்தக் கல்யாணத்துக்கு அண்ணன் போகவில்லை. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. தம்பி ஊருக்கு வந்தாலும் மனைவி வீட்டில்தான் தங்குவார்.

"அண்ணனுக்கு ஒரு மீன் வாங்கிக் குடுக்கணும்," என்றார். "மஞ்சள்ல, கண்ணுக்கு மேல கறுப்புப் பட்டை போட்டது. சின்னதில அண்ணன் என்னெ விழிஞ்ஞத்துக்குக் கூட்டிட்டுப் போய், பாறை இடுக்கில அந்த மீன காட்டித் தந்தாரு. தோள்மேல ஏத்தி வச்சாக்கும் காட்டினாரு."

அவர் கேட்டது பட்டர்ஃபிளை மீன். எங்கள் தொழிலில் அதைவிட நோஞ்சான் மீன் கிடையாது. பிடிபட்ட அதிர்ச்சியிலேயே தீனியை விட்டுவிடும். தின்ன ஆரம்பித்தாலும் இன்னொரு கஷ்டம் உண்டு. பவளத்தின் வாய்களைக் கொத்தும். எல்லா மீனும் கொத்துவதில்லை. நம் கையில் இருப்பது கொத்துமா என்பது டேங்கில் விட்ட பிறகுதான் தெரியும். இதையெல்லாம் ஒன்றுவிடாமல் வில்சனிடம் சொன்னேன்.

"கையளவு மீனாக்கும், அண்ணே. அது எவ்வளவு தின்னுடும்? நீங்க புடிச்சுத் தாங்க."

சிப்பி எடுக்க மூழ்குகிற விழிஞ்ஞத்துக்காரர் ஒருவர் பிடித்துக் கொடுத்தார். கடையில் தனித் தொட்டியில் விட்டேன். பொடித்த இறாலைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. மூலையில் போய்ப் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும். போய்விடும் என்றுதான் நினைத்தேன். கடைசியில் உயிருள்ள சிப்பியைப் பிளந்து கல்லில் கட்டி இறக்கினேன். மெதுவாக வந்து ஒரு கொத்து, பிறகு இன்னொரு கொத்து. அன்று எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

மீன் தேறுவதற்குள் வில்சனின் லீவு முடிந்துவிட்டது. "நீங்களே கொண்டு குடுங்க. தம்பி தந்ததுண்ணு மட்டும் செல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

3. மூடிய வாய்கள்

பிளாஸ்டிக் கவரில் மீனைக் கொண்டுபோய், தம்பி தந்தது என்று சொன்னதும் டேவிட்சன் சார் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அவன் உன் கடைக்கு வந்தானா?"

"வந்தாரு, சார்."

"மெலிஞ்சா இருக்கான்?"

"இல்ல சார், நல்லா இருக்காரு."

கவரைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பவளத்தை இது கொத்தலாம் என்று அவரிடமும் சொன்னேன். எனக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு அவருக்கே அது தெரியும்.

"தெரியும். விடு," என்றார்.

கவரை டேங்கில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து மீனை இறக்கினோம். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. மேரி அக்கா சமையலை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்.

ஒரு வாரம் கழிந்திருக்கும். மேரி அக்காதான் போன் செய்தார். "செல்லப்பா, கொஞ்சம் வந்து பாரு. பச்சைக் கல்லு திறக்கவே இல்ல. சார் சாப்பிடாம இருக்காரு."

போய்ப் பார்த்தேன். கட்டியிருந்த சிப்பி அப்படியே கிடந்தது. மீன் பவளத்துக்குப் பவளம் போய், விரிகிற வாயை எல்லாம் கிள்ளிக்கொண்டிருந்தது. பயத்தில் பவளங்கள் மூடியே இருந்தன. ஓரங்களில் சதை விலகி வெள்ளை எட்டிப்பார்த்தது.

"சார், இப்பவே கல்ல எல்லாம் வெளிய எடுத்தா மீனப் பிடிச்சிரலாம். என் கடையில சிப்பி தின்னு வாழும். தாமதிச்சா பவளம் தாங்காது."

மேரி அக்காவுக்குத்தான் கோபம் வந்தது. "பிள்ளை மாதிரி வளர்த்ததில்லியா? எடுத்துக் குடுத்தா என்ன? வில்சன்கிட்ட நான் செல்லுதேன்."

"நீ ஒண்ணும் செல்லண்டாம்," என்றார் சார். பிறகு என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார். "அவன் கல்யாணத்துக்கு நான் போகல்ல, செல்லப்பா. சபையில நாலுபேரு என்ன நினைப்பாங்கண்ணு பயந்தேன். அவன் வாசல்ல வந்து நிண்ணு கூப்பிட்டான். நான் உள்ள இருந்துட்டு இல்லைண்ணு செல்லச் சொன்னேன். இப்ப அவன் தந்த மீனையும் திருப்பி அனுப்பவா?"

வில்சனிடம் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று சார் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

பிறகு ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒரு நிறம் குறைந்திருக்கும். பச்சை போனது, பிறகு ஊதா. செங்கல் நிறப் பவளம் பாறையின் மறைவில் இருந்ததால் கொஞ்சநாள் தாக்குப்பிடித்தது. அதற்கும் சார் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டுக்கொண்டுதான் இருந்தார். அதுவும் வெளுத்த பிறகு அந்தச் சொட்டுக்குழாயைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டார். தின்னப் பவளம் இல்லாமல் போனதும் மீன் மறுபடி சிப்பிக்குத் திரும்பியது. கொழுத்தது.

4. விருந்து

மீனை அண்ணன் வாங்கிக்கொண்ட தைரியத்தில், அடுத்த லீவில் வில்சன் மனைவியோடும் சிறு மகளோடும் அண்ணன் வீட்டுக்கு வந்தார். அதற்கு முந்தின நாள் சார் என்னை வரவழைத்துக் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லியிருந்தார். வேலை மிச்சம் இருந்ததால் அவர்கள் வரும்போதும் நான் அங்கேதான் இருந்தேன்.

குழந்தை நேராக ஓடிப்போய்க் கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டது. ஸ்ரீலதா அந்த வீட்டுக்குள் முதன்முறையாகக் கால் வைத்திருக்கிறாள். என்ன பேசுவது என்று தெரியாமல் டேங்கைப் பார்த்து நின்றாள். பிறகு, மலையாளம் கலந்து, "ஈ வெள்ளைக் கல்லெல்லாம் எந்து ரசமா இருக்கு, சேட்டா! எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

அவள் அழகாக இருக்கிறது என்றது செத்த பவளத்தின் எலும்புகளை.

"இங்க கிடச்சதாக்கும், மோளே," என்றார் சார். "நீ உக்காரு. மேரி, சோறு எடுத்து வையி."

நான் வில்சனைப் பார்த்தேன். அவர் மீனைப் பார்க்கவில்லை, கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு நன்றாகவே நடந்தது. சார் தம்பியின் இலையில் தானே மீன்குழம்பு ஊற்றினார்.

நான் கிளம்பும்போது வில்சன் கேட் வரைக்கும் வந்தார்.

"எல்லாத்தையும் அந்த மீனா தின்னது?"

வாக்குக் கொடுத்தவன் நான். பேசாமல் நின்றேன். அதுவே பதிலாகிவிட்டது.

"அண்ணன் நல்லா நாலு ஏச்சு ஏசி எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாமே. சின்னதில கண்ணாடிய உடைச்சேன்னு என்னெ அடிச்சு முதுகு வீங்க வச்ச ஆளாக்கும் அண்ணன். எனக்கு அந்த அண்ணன்தான் வேணும். இப்ப பாருங்க, என்னெ ஏசக்கூடப் பயப்படுதாரு." திரும்பி உள்ளே போய்விட்டார்.

பிறகும் பல வருடம் இருவரையும் பார்த்திருக்கிறேன். லீவுக்கு லீவு வில்சன் தவறாமல் வருவார். அண்ணன் எழுந்து நின்று வரவேற்பார், தம்பி சோப்பும் சட்டைத்துணியும் கொடுப்பார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பவளத்தைப் பற்றி தம்பி கேட்டதும் இல்லை, அண்ணன் சொன்னதும் இல்லை. அண்ணன் தம்பியை உரிமையாக எலே என்று கூப்பிட்டு நான் ஒருநாளும் கேட்கவில்லை. மீன் செத்தபோது புதிதாகப் பவளத்துண்டு கொண்டுவரட்டுமா என்று சாரிடம் கேட்டேன். "இனி வேண்டாம்" என்று டேங்கைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். புதிதாக ஒன்றைச் சேர்த்து, அது ஒத்துப்போகவில்லை என்றால் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள், கேட்கிறவர் மனம் நொந்தாலும் சரி. அப்போது கல்லைக் கலைத்தால் மீனையும் காப்பாற்றலாம், பவளத்தையும் காப்பாற்றலாம். பொறுத்துக்கொள்வதுதான் அன்பு என்று டேவிட்சன் சார் நினைத்தார். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன்.